புஷ்பவல்லியைக் கட்டிப்போட்ட கார்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், டவுன் முடிகிற இடத்தில் ரைஸ் மில் வைத்திருந்த குழந்தைவேல் எதற்கும் பயப்படாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். பாம்புக்குப் பயமில்லை. நெல்லு மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அரிவாளோடு வந்தவனுக்கும் பயந்ததில்லை. மனைவி கொளஞ்சியம்மாளிடம் கொஞ்சம் உண்டு. அது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் நாலு சக்கரத்தில் ஓடுகிற எதைக் கண்டாலும் மனுஷன் நாலடி தள்ளித்தான் நிற்பார்.

காரணம் அவர் நெற்றியிலேயே இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நெல் லோடு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாடாலூரில் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தான், லாரி நின்றது. குழந்தைவேல் நிற்கவில்லை. முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். பதினாலு தையல். மாட்டுக்கு ஒன்றுமில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகள் புஷ்பவல்லி. 1982-ஆம் வருஷம் ப்ளஸ் டூ முடித்தாள், பதினெட்டும் முடித்தாள். அரியலூர் காலேஜில் கணக்குப் பாடம் படிக்க வேண்டும் என்றாள். பஸ்ஸில் படிக்கட்டுவரை ஆள் தொங்குகிறது, அதில் விடமாட்டேன் என்றார் அப்பா. ஹாஸ்டல் சோற்றில் என்ன கிடக்குமோ, அங்கேயும் விடமாட்டேன் என்றாள் அம்மா. அந்த நேரம் பார்த்து ஆண்டிமடத்திலிருந்து செல்லமுத்து பெண் கேட்டு ஆள் அனுப்பினார். முந்திரித் தோப்பு, ஓட்டு வீடு, ஒரே பையன். பெண் படித்தது போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொளஞ்சியம்மாளுக்கு வாயெல்லாம் பல்லாயிற்று.

மறுநாள் குழந்தைவேல் சாப்பிட உட்கார்ந்தபோது, இலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புத்தகம் இருந்தது. எடுத்துப் பிரித்தார். உள்ளே மகளின் போட்டோ முறைத்தது. திருச்சியில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸ்.

"எப்ப வாங்கினே?" என்றார்.

"போன மாசம். பெரியம்மா வூட்டுக்குப் போறேன்னு போனேன்ல."

"யாரு ஓட்டக் கத்துக் குடுத்தது?"

"மில்லுக் களத்துலதான் கத்துக்கிட்டேன். மத்தியானம் நீங்க தூங்கறப்ப. பஸ்ஸும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம்பா. நம்ம பிளஷர் கார்லயே போயிட்டு வரேன்."

மில் கொட்டகையில் அப்படி ஒரு கார் இருந்தது உண்மைதான். ஊரை விட்டுப் போன டாக்டர் ஒருவரிடம் கௌரவத்துக்கு வாங்கிப் போட்டது. தவளை மூஞ்சி, இரண்டே கதவு, நாலு பேர் ஏறினால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார வேண்டும். சீமையில் செய்த வண்டி. அது ஓடிய நாளைவிட அதில் கோழி அடைகாத்த நாளே அதிகம். மத்தியானங்களில் அது களத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, மில் சத்தத்தில் தமக்குத்தான் கேட்கவில்லை என்று குழந்தைவேலுக்கு அப்போதுதான் புரிந்தது.

முடியாது என்று மகளிடம் நேராகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பழக்கமிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? அதனால் சுற்றி வளைத்தார். "சரி. வண்டியை எனக்குத் திருப்தியா, பாதுகாப்பா ஆக்கிக் காட்டு. காலேஜ் தொறக்கறதுக்குள்ள திருப்தியானா காலேஜ். ஆகலைன்னா ஆவணியில செல்லமுத்து வூட்டுக் கல்யாணம். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் புஷ்பவல்லி, யோசிக்காமல்.

குழந்தைவேல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். திருப்தி தம் கையில்தானே இருக்கிறது, அது வராமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தார். நெல்லில் ஈரம் பார்க்கிற வியாபாரிக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

மில் லாரிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் தர்மராஜ் வரவழைக்கப்பட்டார். முன்னாள் பட்டாளத்துக்காரர், மீசையும் ஸ்பானரும் எப்போதும் பளபளக்கும். களத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த குற்றவாளியும் அவரே. அதனால் முதலாளி முகத்தைப் பார்க்காமல் காருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார். பிரேக் கட்டைக்குப் புது லைனிங் ஒட்டினார். பிரேக் ஆயில் ஒழுகிய ரப்பரை மாற்றினார். ஸ்டியரிங்கில் கால் சுற்று ஆட்டம் இருந்தது, அதை எடுத்தார். நாலு டயரும் புதிது. மூன்றாம் நாள் மாலை எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி சுத்தமா இருக்குங்க மொதலாளி. குழந்தைகூட ஓட்டலாம்" என்றார்.

"குழந்தைதான்யா ஓட்டப்போவுது, அதான் பயமே" என்றார் குழந்தைவேல். "வண்டி நிக்கும், சரி. உள்ள இருக்கறவ நிப்பாளா?"

தர்மராஜ் மீசையைத் தடவினார். பட்டாளத்தில் ஒருமுறை விமானத்தில் ஏற்றியபோது ஒவ்வொருத்தனையும் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள், அதுபோல் ஒரு பெல்ட் போட்டுவிடலாம் என்றார். குழந்தைவேலுக்கு நெற்றித் தழும்பு அரித்தது. பாடாலூரில் அன்றைக்குத் தம்மை யாராவது இப்படிக் கட்டிப் போட்டிருந்தால்! மகளைத் தடுக்க வேண்டும் என்பதை ஒரு நிமிஷம் மறந்தே போய், மில் ஸ்டோரைத் திறந்துவிட்டார். எஞ்சினிலிருந்து அரவை மெஷினுக்கு ஓடுகிற கான்வாஸ் பெல்ட் சுருளில் எட்டு முழம் வெட்டினார்கள். நாலு விரல் அகலம், யானையைக் கட்டினாலும் அறாது. தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. கொக்கிக்கு வழியில்லாமல், ரிட்டையரான போலீஸ்காரர் ஒருவரின் இடுப்பு பெல்ட்டிலிருந்து பித்தளை பக்கிளைக் கழற்றி வந்து தைத்தார்கள்.

புஷ்பவல்லி உட்கார்ந்து பூட்டிக்கொண்டாள். அசைய முடியவில்லை. "நல்லாருக்குப்பா" என்றாள்.

நல்லா இருக்கக் கூடாதே! குழந்தைவேல் அடுத்ததைத் தேடினார். கார் கறுப்பாக இருக்கிறது, லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது என்றார். இரண்டே நாளில் அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் தகரம் தகரமாக இருக்கிறது, மூஞ்சி அடிபடும் என்றார். இலவம்பஞ்சு மெத்தையை அறுத்து, முன்பக்கம் முழுக்கத் தலையணை தைத்தாள். ஹாரன் சத்தம் காணாது, ஆடு மாடு விலகாது என்றார். வண்டிமாட்டுக் கழுத்துச் சலங்கை இரண்டை முன் பம்பரில் கட்டிவிட்டாள். கார் நகர்ந்தால் தேர் வருகிற மாதிரி இருந்தது.

கடைசியாக அவர் ஒரு பெரிய குண்டைப் போட்டார். "வயசுப் புள்ளைங்களுக்குக் கவனம் நிக்காது. கையும் காலும் என்ன செய்யுதோ அதை வாயால சொல்லிக்கிட்டே ஓட்டணும். கண்ணாடி பாத்தேன், கிளச்சை மிதிச்சேன், கியர் மாத்துனேன்னு. என் காதுல விழணும். ஒண்ணு விட்டாலும் திருப்தி இல்லை. முத மாசம் பக்கத்துலயே உக்காந்து வருவேன்."

அவள் அதையும் மனப்பாடம் பண்ணினாள். ராத்திரி தூக்கத்தில்கூட, "பிரேக்கு... கிளச்சு... கண்ணாடி..." என்று முனகுவதாகக் கொளஞ்சியம்மாள் வந்து புகார் சொன்னாள். சொன்னவளும் சும்மா இருக்கவில்லை. கல்யாணம் ஆகிற வரைக்குமாவது பெண் முழுசாக இருக்கட்டும் என்று வண்டியின் நாலு மூலைக்கும் வேப்பிலைக் கொத்து கட்டி, எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவித் தொங்கவிட்டாள்.

குழந்தைவேலுக்குக் குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை. மகளிடம் தோற்றதில் கோபம் வரவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம். உள்ளுக்குள் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பயமும் குறையவில்லை.

ஜூன் மாதக் கடைசியில், காலேஜில் சேருகிற நாளன்று, மஞ்சள் கார் சலங்கை குலுங்க அரியலூருக்குப் புறப்பட்டது. பத்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. சைக்கிள்காரர் ஒருவர் கூடவே பேசிக்கொண்டு வந்து, குன்னம் தாண்டி டாட்டா காட்டிவிட்டு முந்திப் போனார். புஷ்பவல்லி சொன்ன சொல் மாறாமல் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். குழந்தைவேல் கதவுப் பிடியை விடவே இல்லை.

வினை அரியலூர் ரயில்வே கேட்டில் காத்திருந்தது. கேட் மூடியிருந்தது. கார் நின்றது. பக்கத்திலேயே ஆண்டிமடம் போகிற பஸ் வந்து நின்றது. கேட்டில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் இருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? அத்தனை பேரும் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் கண்ணில் பட்டது இதுதான். மஞ்சள் பூசிய கார். நாலு பக்கமும் வேப்பிலை. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். முன்பக்கம் சலங்கை. உள்ளே ஒரு வயசுப் பெண்ணை மாடு கட்டுகிற வாரால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டியிருக்கிறது. அவள் தலையை முட்டிக்கொள்ளாதபடி முன்னால் மெத்தை. அவளோ எதிரே வெறித்துப் பார்த்துத் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தகப்பன் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறான்.

பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து திருநீற்றை எடுத்து, ஜன்னல் வழியாகக் கைவிட்டு, புஷ்பவல்லியின் நெற்றியில் பட்டையாகப் பூசினாள்.

"எத்தனை நாளாங்க இப்படி?" என்று குழந்தைவேலைக் கேட்டாள்.

"ஒரு மாசமா" என்றார் அவர், கார் ஓட்டுவதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து.

"பாவமே. குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு மண்டலம் தங்க வைங்க. எங்க சின்ன மாமியாருக்கு அங்கதான் தெளிஞ்சது."

புத்தி தெளிய வேண்டியவர்களைத்தான் குணசீலம் கோயிலில் கொண்டுபோய்த் தங்க வைப்பார்கள். குழந்தைவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயய்யோ, அதெல்லாம் இல்லைங்க. பாதுகாப்புக்குத்தான் கட்டியிருக்கு" என்றார்.

"ஆமாமா, கட்டாம விட முடியுமா" என்றாள் அந்த அம்மாள். "ஆனா வண்டியை ஏன் அது கையில குடுத்தீங்க?"

"குடுக்கலைன்னா விடமாட்டேங்குறாளே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் அவர். உண்மையைத்தான் சொன்னார். பஸ் முழுக்க உச்சுக்கொட்டியது. முழுக்க முழுக்க உண்மையைப் பேசியே ஒரு மனுஷன் இவ்வளவு மாட்டிக்கொண்டதை அந்த ரயில்வே கேட் அதற்குமுன் பார்த்திருக்காது.

பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலில் ஒரு முகம் மட்டும் உச்சுக்கொட்டவில்லை. அது செல்லமுத்துவின் மச்சினன் பாவாடை. போன மாதம்தான் பெண் கேட்க வந்து, இவர்கள் வீட்டில் கேசரி சாப்பிட்டுப் போன ஆள். அவன் வாய் பிளந்திருந்தது. குழந்தைவேல் பார்த்தார். புஷ்பவல்லியும் பார்த்தாள். பார்த்தவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "கண்ணாடியில பாக்கறேன். ஒருத்தன் தெரியறான். அவனை விட்டுட்டு முன்னால போவப்போறேன்" என்று பாவாடையைப் பார்த்தபடியே சொல்லி, பல்லைக் காட்டிச் சிரித்தாள். ஜன்னலிலிருந்து அந்த முகம் காணாமல் போயிற்று.

கேட் திறந்தது. கொஞ்ச தூரம் போனதும் குழந்தைவேல் கேட்டார்: "வேணும்னுதானே செஞ்சே?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான்பா சொன்னேன்" என்றாள் புஷ்பவல்லி. "ரெண்டாவது கியர் போடறேன்."

காலேஜில் இடம் கிடைத்தது. ஊரில் பெயரும் கிடைத்தது. மில்லுக்கு நெல் கொண்டுவந்தவர்கள் தவிட்டைக் கேட்டு வாங்கக்கூட மறந்து, "பொண்ணு இப்ப எப்படிங்க இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டார்கள். ஒருவர் தாயத்து கொடுத்துவிட்டுப் போனார். கொளஞ்சியம்மாள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. "வேப்பிலையைக் கட்டினது நான்தான், ஒத்துக்கறேன். புள்ளையைக் கட்டினது யாரு? அந்தச் சனியன் பெல்ட்டைக் கழட்டிக் கடாசிட்டு ஓட்டச் சொல்லுங்க, பேச்சு நின்னுடும்" என்றாள்.

குழந்தைவேல் அதைச் செய்யத்தான் போனார். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கொட்டகைக்குள் போய், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கழற்றினால் ஊர் வாய் மூடும். கழற்றிவிட்டு அவளை அந்த ரோட்டில் அனுப்ப முடியுமா? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்க்ரூவை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டு வந்துவிட்டார்.

காலேஜ் திறக்கிற திங்கட்கிழமை காலை, புஷ்பவல்லி காரைக் களத்தில் எடுத்து நிறுத்தி, பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அந்த நேரம் செல்லமுத்து இரண்டு பெரியவர்களோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான், ஊர்ல ஆயிரம் பேசுறாங்க. பாவாடை வந்து என்னென்னவோ சொன்னான். நான் அதை நம்பலை. நீங்க ஒரு வார்த்தை, பொண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுங்க. காரை வித்துடுங்க, காலேஜும் வேண்டாம். ஆடி பொறக்கறதுக்குள்ள தட்டை மாத்திக்குவோம், ஆவணியில கல்யாணம்."

கொளஞ்சியம்மாள் வாசற்படியில் நின்று, சொல்லுங்க சொல்லுங்க என்று கண்ணால் கெஞ்சினாள்.

ஒரே வார்த்தைதான். குழந்தைவேல் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் பார்வை காருக்குப் போயிற்று. புஷ்பவல்லி அவரைப் பார்க்கவில்லை, கெஞ்சவில்லை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தன. லைசென்ஸ் வாங்கத் திருச்சிக்குத் தனியாகப் போய் வந்தவள், ரயில்வே கேட்டில் ஊரையே மிரட்டியவள். அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை. லாரியும் வேண்டாம், மாடும் வேண்டாம், தாம் சொல்லப்போகிற ஒரு வார்த்தையே அவளைத் தூக்கி எறிந்துவிடும் என்று அவருக்குப் பட்டது.

"அரியமுத்து, அந்த மூட்டை கட்டுற கயிறை எடுத்தா" என்று மில் ஆளைக் கூப்பிட்டார். கயிறு வந்தது. காரைச் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கயிற்றை மார்புக்குக் குறுக்காகப் போட்டு, இரண்டு முனையையும் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

"மச்சான், ஒரு கை குடுங்க. எனக்குப் பின்னாடி எட்டலை. நல்லா இறுக்கி முடிச்சுப் போடுங்க."

செல்லமுத்துவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெரிய மனிதர் கேட்கும்போது மறுக்கவும் தெரியவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு முடிச்சுப் போட்டார்.

"உங்களுக்குமா மச்சான்?" என்றார் மெதுவாக.

"எனக்குப் பன்னண்டு வருசமா இருக்கு. வெளிய சொல்லிக்கிறதில்லை. பாப்பாவுக்கு இப்பத்தான் ஆரம்பம்" என்றார் குழந்தைவேல். பிறகு மகளைப் பார்த்து, "சொல்லு" என்றார்.

"கண்ணாடி பாத்தாச்சு" என்றாள் அவள். கை பெல்ட்டை விட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

"கண்ணாடி பாத்தாச்சு" என்று அவரும் கூடவே ஓதினார். "கிளச்சு மிதிச்சாச்சு. கியர் போட்டாச்சு."

செல்லமுத்து இரண்டு எட்டு பின்னால் போனார். கூட வந்த பெரியவர்கள் ஏற்கெனவே மில் வாசலில் இருந்தார்கள். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே தெளிந்த ஆளைத் தேடி, அவர் கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்களாவது சொல்லுங்க. என்னம்மா இதெல்லாம்?"

கொளஞ்சியம்மாள் காரைப் பார்த்தாள். பெல்ட்டில் மகள், கயிற்றில் புருஷன். இரண்டு பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்திரித் தோப்பும் ஓட்டு வீடும் அவள் கண்முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போயின. கையிலிருந்த டிபன் கேரியரை ஜன்னல் வழியாகப் புருஷன் மடியில் வைத்து, முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"நான் என்னத்தைங்கண்ணே சொல்றது?" என்றாள். "கட்டலைன்னா ரெண்டும் எந்திரிச்சு ஓடிப் போயிடுதுங்க."